தாத்தாவின் கேள்வியும் பல்லாங்குழியும்

(நுண்கூண்டுப் பொருள்களில் வாயுக்கள் தங்குவதைக் கணக்கிடும் முறை பற்றிய அறிவியல் கட்டுரை)

முன்னுரை

நாம் ஒரு நிமிடத்தில் சுமார் 15 முறை மூச்சு விடுகிறோம். இந்தக் கட்டுரையை நீங்கள் படித்து முடிப்பதற்குள் இருநூறு தடவைக்கு மேல் மூச்சு விட்டிருப்பீர்கள். ஆனால் அதை ஒரு தடவைகூட நினைத்திருக்க மாட்டீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், 2021ஆம் ஆண்டு மே மாதம் வரையில்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தேன். கொரோனாவின் இரண்டாம் அலை செங்கல்பட்டு மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிய காலம் அது. சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் என் தாத்தாவுக்கும் நோய் கண்டது. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். ஆனால் நாலு அடி நடந்தாலே அவருக்கு மூச்சு இரைத்தது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் எண் 88க்கு இறங்கும். "கொஞ்ச நாள் வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னார். அப்பா எங்கெங்கோ அலைந்து ஆக்சிஜன் செறிவூட்டி என்னும் இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்தார்.

சின்ன பீரோ அளவில் சக்கரம் வைத்த பெட்டி அது. சுவரில் மின்சாரம் கொடுத்தால் போதும். "கர்ர்ர்" என்று ஓடும். சில விநாடிக்கு ஒரு தரம் "புஸ்" என்று பெருமூச்சு விடும். குழாய் வழியாகத் தாத்தாவின் மூக்குக்கு ஆக்சிஜன் வரும். முதல் நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் கண்ணு, சிலிண்டர்னா ஆளு வந்து மாத்தறான். இந்தப் பொட்டிக்கு யாரும் வந்து ஒண்ணும் ஊத்தலியே. உள்ளே இருக்கிறது தீந்துபோனா என்ன பண்றது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "தீராது தாத்தா" என்று மட்டும் சொன்னேன். ஏன் தீராது என்பதைச் சொல்ல எனக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. அந்தப் பதிலே இந்தக் கட்டுரை.

மாமல்லபுரத்தில் ஒரு பாடம்

ஒன்பதாம் வகுப்பில் எங்களை மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார்கள். முதலில் ஐந்து ரதங்களைப் பார்த்தோம். அவை பாறையை வெளிப்புறத்திலிருந்து செதுக்கி எடுத்தவை. பிறகு வராக மண்டபத்திற்கு வந்தோம். அது பாறையை உட்புறமாகக் குடைந்தது. உச்சி வெயிலில் அறுபது பெண்களும் அந்த நிழலுக்குள் ஓடிப் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றோம். எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "இதோ பாருங்கள், இதுதான் பரப்புக் கவர்தல்" என்றார்கள்.

எங்களுக்குப் புரியவில்லை. சிஸ்டர் விளக்கினார்கள். "குடையாத பாறையாக இருந்தால் வெளிப்பக்கத்தில் சில பேர்தான் சாய்ந்து நிற்க முடியும். பல்லவர்கள் குடைந்துவிட்டதால் சுவர் அதிகமாயிற்று. சுவர் அதிகமானதால் ஒட்டி நிற்பவர்களும் அதிகமானார்கள். பாறை அதே பாறைதான்!"

உறிஞ்சுதல் வேறு, பரப்புக் கவர்தல் வேறு. இட்லி சாம்பாரை உள்ளே வாங்கிக்கொள்கிறதே, அது உறிஞ்சுதல். கரும்பலகையின் மேல் சாக்குப்பொடி படிந்திருக்கிறதே, அது பரப்பில் ஒட்டுவது. ஒரு வாயு திடப்பொருளின் பரப்பில் இப்படி ஒட்டித் தங்குவதையே பரப்புக் கவர்தல் என்கிறோம். புதுக் கைப்பைக்குள்ளும் மருந்துப் புட்டிக்குள்ளும் போடும் சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம் காற்றிலுள்ள ஈரத்தை இப்படித்தான் பிடித்துவைக்கிறது.

பரப்பு எவ்வளவு பெருகும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. பக்கம் 1 சென்டிமீட்டர் உள்ள கற்கண்டுக் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் 1000 துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். 1 நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக வெட்ட முடிந்தால் பரப்பு 6000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர்! நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கியதில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் கற்கண்டுக்குள் ஒன்றரை ஏக்கர் ஒளிந்திருக்கிறது என்று நினைத்தால் வியப்பாக இல்லையா?

கொதிக்கும் கல்

இயற்கையிலேயே இப்படி உள்ளே குடைந்த கற்கள் உண்டு. 1756ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுக் கனிமவியலார் ஆக்செல் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கினார். அது நுரைத்து ஆவி விட்டது. ஆகவே அதற்கு 'ஜியோலைட்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் இதற்குக் 'கொதிக்கும் கல்' என்று பொருள். கல்லின் நுண்ணிய குழிகளில் தங்கியிருந்த நீரே ஆவியாக வெளியேறியது.

ஜியோலைட் என்பது சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் ஆகிய அணுக்களால் ஆன கூண்டுகளின் அடுக்கு. கூண்டுக்குக் கூண்டு வாசல் உண்டு. 13-எக்ஸ் என்ற வகையில் கூண்டின் அகலம் சுமார் 1.3 நானோமீட்டர், வாசலின் அகலம் சுமார் 0.74 நானோமீட்டர். இயற்கைக் கல்லுக்காகக் காத்திராமல் இத்தகைய ஜியோலைட்டுகளைச் செயற்கையாகச் செய்யும் வழியை அமெரிக்காவில் ராபர்ட் மில்டன் என்பவர் 1940களின் இறுதியில் கண்டார். இன்று செறிவூட்டிக்குள் கடுகு போன்ற சிறு மணிகளாக இருப்பது இதுதான்.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். நானும் செய்தேன். 'மூலக்கூறுச் சல்லடை' என்ற பெயரைக் கேட்டதும், மாவு சலிப்பதுபோலப் பெரியதை நிறுத்திச் சிறியதை விடுகிறது என்று எண்ணினேன். ஆனால் நைட்ரஜன் மூலக்கூறின் குறுக்களவு சுமார் 0.36 நானோமீட்டர், ஆக்சிஜனுடையது சுமார் 0.35. 0.74 அகல வாசலில் இரண்டுமே தாராளமாக நுழையும். அப்படியானால் எப்படிப் பிரிகிறது?

ஈர்ப்பினால் பிரிகிறது. சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் உட்காரும்போது கூண்டுக்கு எதிர்மின்னேற்றம் வந்துவிடும். அதை ஈடு செய்யச் சோடியம், கால்சியம், லித்தியம் போன்ற நேர்மின் அயனிகள் கூண்டுக்குள் வந்து அமர்கின்றன. நைட்ரஜன் மூலக்கூறு மொத்தத்தில் மின்னேற்றம் இல்லாதது. இருந்தாலும் அதன் இரு நுனிகளும் சிறிது எதிர்மின் தன்மையும் நடுப்பகுதி சிறிது நேர்மின் தன்மையும் கொண்டவை. ஆகவே அதன் நுனி அயனியை நோக்கித் திரும்பி ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜனில் இந்த ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு. அது வந்த வழியே போய்விடுகிறது.

காற்றின் 100 பங்கில் 78 நைட்ரஜன், 21 ஆக்சிஜன், ஏறத்தாழ 1 ஆர்கான். நைட்ரஜன் முழுவதும் கூண்டில் சிக்கினால் மீதி 22 பங்கு. அதில் 21 ஆக்சிஜன். 21ஐ 22ஆல் வகுத்தால் சுமார் 95 சதவீதம். ஆர்கானும் ஆக்சிஜனோடு சேர்ந்தே வந்துவிடுவதால்தான் இந்த இயந்திரங்கள் 100 சதவீத ஆக்சிஜனைத் தருவதில்லை.

'புஸ்' என்ற ஓசையின் காரணம்

பெட்டிக்குள் ஜியோலைட் நிரப்பிய இரண்டு உருளைகள் உண்டு. காற்று அழுத்தத்தோடு முதல் உருளைக்குள் செல்லும். நைட்ரஜன் ஒட்டிக்கொள்ள, ஆக்சிஜன் மறுபக்கம் வரும். சில விநாடிகளில் கூண்டுகள் நிரம்பிவிடும். உடனே காற்று இரண்டாம் உருளைக்கு மாறும். முதல் உருளையின் அழுத்தம் திறந்துவிடப்படும். அழுத்தம் குறைந்ததும் நைட்ரஜன் பிடியை விட்டு வெளியேறும். அதுதான் 'புஸ்'. கிடைத்த ஆக்சிஜனில் சிறு பங்கைக் கொண்டே உருளையைக் கழுவி மறுபடி தயாராக்குகிறார்கள். இவ்வாறு மாறி மாறி நடப்பதால் ஜியோலைட் செலவாவதே இல்லை.

நம் நாட்டிலும் இதற்குச் சிறந்த சான்று உண்டு. தேஜஸ் போர் விமானத்தில் விமானிக்குப் பறக்கும்போதே ஆக்சிஜன் தயாரித்துக் கொடுப்பதற்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் ஜியோலைட் முறையை உருவாக்கியிருந்தது. 2021இல் அதே முறையில் மருத்துவமனைகளுக்கு நிமிடத்திற்கு 1000 லிட்டர் தரும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. அந்தத் தொழில்நுட்பத்தைப் பெற்றுக்கொண்ட நிறுவனங்களில் ஒன்று நம் கோயம்புத்தூரைச் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பம்பாய் ஐ.ஐ.டி. ஒரு நைட்ரஜன் தயாரிக்கும் இயந்திரத்தையே ஆக்சிஜன் தயாரிக்க வைத்தது. முக்கியமாகச் செய்தது என்ன? உள்ளே இருந்த கரிச் சல்லடையை எடுத்துவிட்டு ஜியோலைட்டை நிரப்பியதுதான். 3.5 வளிமண்டல அழுத்தத்தில் 93 முதல் 96 சதவீதத் தூய்மை கிடைத்தது. கூண்டை மாற்றினால் இயந்திரத்தின் குணமே மாறுகிறது!

எந்தக் கூண்டு நல்ல கூண்டு?

இங்குதான் கணினி வருகிறது. ஜியோலைட் மட்டும் அல்லாமல் உலோக–கரிமச் சட்டகங்கள் என்ற புதிய கூண்டுகளும் இப்போது உள்ளன. உலோக அயனிகளை மூலைகளாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பிகளாகவும் வைத்துக் கட்டப்படுபவை அவை. இவற்றை உருவாக்கியதற்காக ஜப்பானின் சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவின் ஒமர் யாகி ஆகிய மூவரும் 2025ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். சில வகைகளில் ஒரு கிராம் பொடியின் உட்பரப்பு 7000 சதுர மீட்டரையும் எட்டுகிறது. அது ஒரு கால்பந்து மைதானத்தின் அளவு.

மூலையையும் கம்பியையும் மாற்றி மாற்றிக் கோத்தால் எண்ணற்ற கூண்டுகள் உண்டாகும். எல்லாவற்றையும் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க ஆயுள் போதாது. 2012இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 1,37,953 சட்டகங்களைக் கணினிக்குள்ளேயே கட்டி, மீத்தேன் வாயுவைச் சேமிக்க எவை ஏற்றவை என்று சோதித்தார்கள். அதுவரை அறியப்பட்டவற்றைவிடச் சிறந்தவையாக 300க்கும் மேற்பட்டவை கிடைத்தன. ஆய்வுக்கூடத்தில் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துச் செய்து பார்த்தால் போதும் அல்லவா?

நம் நாட்டிலும் இவ்வாய்வு நடக்கிறது. குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தார், எக்ஸ் வகை ஜியோலைட்டில் சோடியம் முதலான கார உலோக அயனிகளை மாற்றி வைத்து, கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், நைட்ரஜன் ஆகியவை எவ்வளவு தங்குகின்றன என்று கணினியில் கணக்கிட்டார்கள். அதையே ஆய்வுக்கூடத்தில் அளந்தும் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். இந்த நிலையத்திற்கு நம் மண்டபத்திலும் ஒரு கிளை உண்டு. செங்கல்பட்டுக்கு அருகே காட்டாங்குளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். கல்வி நிறுவனத்திலிருந்தும் உலோக–கரிமச் சட்டகங்களைப் பற்றிய கணினி ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. நாம் ரயிலில் தாண்டிப் போகும் ஊர்தான்!

பகடை போடும் கணினி

கணினி இதை எப்படிச் செய்கிறது? பகடை உருட்டித்தான் என்றால் நம்புவீர்களா?

1946இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித அறிஞர் நோயிலிருந்து தேறி வரும்போது சீட்டாடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டம் வெற்றியில் முடிவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போடுவதைவிட, நூறு தரம் ஆடிப் பார்த்து எண்ணிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. இந்த முறைக்குச் சூதாட்டத்திற்குப் பெயர்போன மான்டி கார்லோ என்ற ஊரின் பெயரையே வைத்தார்கள்.

1953இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஐவர் சேர்ந்து இந்த முறையை மூலக்கூறுகளுக்குப் பயன்படுத்தினார்கள். மேனியாக் என்ற கணினியில் 224 துகள்களை நகர்த்திப் பார்த்தார்கள். அதற்கான நிரலை எழுதியவர் அரியானா ரோசன்புளூத் என்ற பெண்மணி. 21 வயதிலேயே ஹார்வர்டில் இயற்பியல் டாக்டர் பட்டம் பெற்றவர். வாள் வீச்சிலும் சிறந்தவர். இன்று வாயுக்களைக் கூண்டில் அடைத்துக் கணக்கிடும் எல்லா நிரல்களும் அவர் எழுதிய அந்த நிரலின் வழியில் வந்தவையே. அவர் 93ஆம் வயதில், 2020 டிசம்பரில் காலமானார். காரணம் கொரோனா. இதைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் மூக்கில் இருந்த குழாய் நினைவுக்கு வந்தது. நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

பல்லாங்குழிச் சோதனை

எங்களிடம் மேனியாக் இல்லை. பாட்டியின் பல்லாங்குழி இருந்தது. 14 குழிகளையும் 14 கூண்டுகளாகவும், புளியங்கொட்டையை வாயு மூலக்கூறாகவும் வைத்துக்கொண்டேன். ஒரு குழிக்கு ஒரு கொட்டைதான். விதிகள் இவை:

1. 1 முதல் 14 வரை எழுதிய சீட்டுகளை டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த எண்ணுள்ள குழியைப் பார்க்க வேண்டும். சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

2. குழி காலியாக இருந்தால் பகடை உருட்ட வேண்டும். 'அழுத்த எண்'ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் கொட்டை உள்ளே வரும்.

3. குழியில் கொட்டை இருந்தாலும் பகடை உருட்ட வேண்டும். 'விடுதலை எண்'ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் கொட்டை வெளியே போகும்.

நைட்ரஜனைக் கூண்டு இறுகப் பிடிக்கும். ஆகவே அதன் விடுதலை எண் 1. ஆக்சிஜனின் பிடி தளர்வு; ஆகவே 3. அழுத்த எண்ணை 1, 3, 6 என்று கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சோதனையிலும் 350 ஆட்டம். முதல் 150 ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஏனென்றால் காலிப் பலகையில் தொடங்குவதால் நிலைபெறச் சிறிது நேரம் ஆகும். அடுத்த 200இல் பத்து ஆட்டத்திற்கு ஒரு தரம் கொட்டைகளை எண்ணிச் சராசரி எடுத்தேன். நான் சீட்டு எடுக்க, தாத்தா பகடை உருட்ட, பாட்டி கணக்கு எழுத, நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

கிடைத்த சராசரி இதோ:

அழுத்தம் 1: நைட்ரஜன் 6.4, ஆக்சிஜன் 3.9
அழுத்தம் 3: நைட்ரஜன் 10.9, ஆக்சிஜன் 6.6
அழுத்தம் 6: நைட்ரஜன் 11.8, ஆக்சிஜன் 9.5

இதைப் பேனாவாலும் கணக்கிடலாம். நிலைபெற்ற பிறகு உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருக்க வேண்டும். ஆகவே நிரம்பிய குழிகளின் பங்கு = அழுத்த எண் ÷ (அழுத்த எண் + விடுதலை எண்). நைட்ரஜனுக்கு அழுத்தம் 3 என்றால் 3 ÷ 4, அதாவது 14இல் 10.5 குழி. எனக்குக் கிடைத்தது 10.9. இதே முறையில் மற்ற விடைகளை வரிசையாகப் பார்த்தால் நைட்ரஜனுக்கு 7, 10.5, 12, ஆக்சிஜனுக்கு 3.5, 7, 9.3. பகடை சிறிது கூடுதல் குறைவாகச் சொன்னாலும் பொய் சொல்லவில்லை. இந்தச் சூத்திரத்தை 1918இல் கண்டவர் இர்விங் லாங்மியூர் என்ற அறிஞர். 1932இல் நோபல் பரிசு பெற்றவர்.

இதிலிருந்து மூன்று உண்மைகள் தெரிகின்றன.

முதலாவது, எந்த அழுத்தத்திலும் நைட்ரஜனே அதிகம் தங்குகிறது. வாசல் ஒன்றே, பிடிதான் வேறு.

இரண்டாவது, அழுத்தத்தை ஆறு மடங்காக்கினாலும் நைட்ரஜன் ஆறு மடங்காகவில்லை. 7இலிருந்து 12 வரைதான். இருக்கும் குழிகள் நிரம்பிவிட்டால் எவ்வளவு அழுத்தியும் பயன் இல்லை.

மூன்றாவது, அழுத்தத்தை 6இலிருந்து 1க்கு இறக்கினால் 12 கொட்டை 7 ஆகிறது. ஐந்து கொட்டை வெளியே வருகிறது. அந்த ஐந்துதான் 'புஸ்'! மிக இறுகப் பிடிக்கும் கூண்டு நல்ல கூண்டு என்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு. பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். பிடித்ததை விடாத கூண்டு ஒரே தரம்தான் உதவும்.

இந்த வேறுபாட்டை நம் பக்கத்து ஊரான கல்பாக்கத்தை வைத்தும் நினைக்கலாம். அங்கே 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேகப் பெருக்கச் சோதனை உலையில் திரவச் சோடியத்தின் மேல் ஆர்கான் வாயுவைப் போர்த்தி வைக்கிறார்கள். பொதுவாக அணு உலைகளில் தோன்றும் செனான், கிரிப்டான் வாயுக்களைக் கரிப் படுகையில் செலுத்தித் தாமதப்படுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். கரி அவற்றை என்றென்றும் பிடித்துவைப்பதில்லை. கதிரியக்கம் தணியும்வரை மெதுவாக நகரச் செய்கிறது. செனானுக்குத் தாமதம் போதும். தாத்தாவின் பெட்டிக்கோ பிடித்தவுடன் விட வேண்டும். வேலைக்குத் தகுந்த கூண்டு!

என் தவறு

ஏழாவதாக ஒரு சோதனையும் செய்தேன். அதற்குக் காரணம் என் பழைய தவறு ஒன்று.

அந்தப் பெட்டியின் பின்னால் காற்று நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் பஞ்சு இருக்கும். வாரம் ஒரு முறை அதைக் கழுவி உலர்த்திப் போடும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்திருந்தார். ஒரு நாள் விளையாடப் போகும் அவசரத்தில் உலர்த்தாமல் சொட்டச் சொட்ட மாட்டிவிட்டேன். அரை மணி கழித்து அப்பா பார்த்து எடுத்தார். நல்லவேளையாகத் தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பா அன்று திட்டியதுபோல் என்றும் திட்டியதில்லை. "ஒரு பஞ்சுக்கா இவ்வளவு கோபம்?" என்று நான் அழுதேன்.

நீரின் பிடி நைட்ரஜனின் பிடியைவிட மிகவும் வலியது. அதைக் காட்ட ஒரு விதி வைத்தேன்: கொட்டை வெளியேற வேண்டுமானால் அடுத்தடுத்து இரண்டு தரம் 1 விழ வேண்டும். அழுத்த எண்ணோ மிகக் குறைவாக 1 மட்டுமே. சூத்திரத்தின்படி 14இல் 12 குழி நிரம்ப வேண்டும். எனக்குக் கிடைத்தது 12.3. நைட்ரஜனுக்கு ஆறு மடங்கு அழுத்தம் கொடுத்துக் கிடைத்த இடத்தை நீர் சும்மாவே பிடித்துக்கொள்கிறது! ஈரம் புகுந்தால் கூண்டில் நைட்ரஜனுக்கு இடம் ஏது? நைட்ரஜன் பிடிபடாவிட்டால் தாத்தாவுக்குப் போவது வெறும் காற்றுதான். கடற்கரைக் காற்று இயல்பாகவே ஈரமானது. அதோடு நான் ஈரப் பஞ்சையும் சேர்த்திருக்கிறேன். பலகையில் பன்னிரண்டு கொட்டை அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அன்றுதான் அப்பாவின் கோபம் எனக்குப் புரிந்தது.

கணக்கின் எல்லை

என் சோதனை ஒரு பொம்மைதான் என்பதை மறைக்கக் கூடாது. உண்மைக் கூண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் தங்கும். அவை ஒன்றையொன்று ஈர்க்கும், தள்ளும். காற்றில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே இடத்திற்குப் போட்டியிடும். வெப்பம் ஏறினாலும் கணக்கு மாறும். நாம் வெயில் ஏறினால் மண்டபத்திற்குள் ஓடுகிறோம். வாயு மூலக்கூறோ சூடேறினால் வெளியே ஓடுகிறது! கணினி இவற்றையெல்லாம் ஒவ்வோர் அணுவுக்கும் கணக்கிட்டு, லட்சக்கணக்கான ஆட்டங்களை ஆடுகிறது.

அப்படியிருந்தும் ஒரு குறை உண்டு. 'விடுதலை எண் 1' என்று பகடை சொல்லவில்லை, நான்தான் வைத்தேன். நான் தவறான எண்ணை வைத்திருந்தால் தவறான விடையே சுத்தமாக வந்திருக்கும். கணினிக்கும் இதே கதிதான். அதற்கு ஈர்ப்பின் அளவைக் கொடுப்பவர் மனிதர். ஆகவேதான் பாவ்நகரில் கணக்கிட்டதோடு நில்லாமல் அளந்தும் பார்த்தார்கள். கணினி வழி காட்டும். சோதனைதான் ஊர் கொண்டு சேர்க்கும்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். கூண்டுகள் தீர்வதில்லை, ஆனால் மின்சாரம் நின்றால் அழுத்தமும் நின்றுவிடும். பெட்டிக்குள் சேமிப்பு எதுவும் இல்லை. அந்த ஜூன் மாதம் ஓர் இரவு மின்சாரம் போய்விட்டது. பக்கத்து வீட்டார் தங்கள் இன்வெர்ட்டரிலிருந்து கம்பி இழுத்துக் கொடுக்கும்வரை, இருபது நிமிடம், பாட்டி தாத்தாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். யாரும் பேசவில்லை. அறிவியல் எவ்வளவு வளர்ந்தாலும் அக்கம்பக்கம் வேண்டியிருக்கிறது.

முடிவுரை

38 நாள் கழித்து அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தோம். தாத்தா இன்று கடற்கரை வரை நடந்து போய் வருகிறார். கடைசி ஞாயிறு, ஏழாவது சோதனை முடிந்ததும், அவருடைய பழைய கேள்விக்கு விடை சொன்னேன். "தாத்தா, உள்ளே ஆக்சிஜனே கிடையாது. தீர்றதுக்கு ஒண்ணும் இல்லை. நம்ம வீட்டுக் காத்துல நைட்ரஜனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, மிச்சத்தை உங்களுக்குக் கொடுத்தது. அப்புறம் அந்த நைட்ரஜனையும் நம்ம வீட்டுலேயே விட்டுடுச்சு."

தாத்தா கொஞ்ச நேரம் பகடையைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "அப்போ புதுசா ஒண்ணும் கொண்டாந்து கொடுக்கலே. இருக்கிறதைத்தான் பிரிச்சுக் கொடுத்திருக்கு" என்றார். ஐந்து பக்கத்தில் நான் எழுதியதைத் தாத்தா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

தோழியரே! வீட்டில் பல்லாங்குழியும் பகடையும் இருந்தால் நீங்களும் இதைச் செய்து பாருங்கள். விடுதலை எண்ணை 2 என்று வைத்து, அழுத்தம் 4இல் எத்தனை குழி நிரம்பும் என்று முதலில் பேனாவால் கணக்கிடுங்கள்; பிறகு உருட்டிப் பாருங்கள். உங்கள் விடைகள் சிறிது மாறினால் பயப்பட வேண்டாம். அதிகமாக ஆடினால் நெருங்கி வரும். யாராவது நோயாளி வீட்டில் செறிவூட்டி வைத்திருந்தால், ஃபில்டர் பஞ்சை நன்றாக உலர்த்திப் போடச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், இப்போது உங்களுக்குச் சொல்லத் தெரியும்.

— பத்தாம் வகுப்பு மாணவி